சரிபார்த்தவர் கையெழுத்து

அந்த வருஷம் அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு, எங்கள் பாறைக்குப்பம் பஸ் ஸ்டாண்டின் மேற்குச் சுவர் "ஆர்ணி, ஆர்ணி, ஆர்ணி" என்று கூவியது. அது செத்துப்போன கண்டக்டர் தசரதனின் குரல் என்பதை வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும், "ஆர்ணி பஸ்ஸ ஒன்றரைக்கு மாத்தி நாலு வருஷம் ஆவுது, அது தெரியாம கூவிகினு கீது பாரு" என்று சுவரைத் திருத்திவிட்டுத் தன் வியாபாரத்தைப் பார்த்தாள்.

மறுநாள் வெயில் நாற்பத்தொரு டிகிரிக்கு ஏறியபோது, விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்துச் சுவர் பதினாறாம் வாய்ப்பாட்டை, பதினாறு ஏழு என்கிற இடத்தில் எல்லோருக்கும் வருகிற தடுமாற்றத்தோடு சேர்த்து, ஒரு முறை முழுசாக ஒப்பித்தது. சலூன் சுவரிலிருந்து பத்து வருஷத்து வானொலிச் செய்தியும் பவுடர் வாசனையும் ஒன்றாக வந்தன. எங்கள் ஊருக்கு மூன்று பக்கம் பாறை, நாலாம் பக்கம் வெயில் என்று சொல்வார்கள். ஆச்சரியப்படுவதற்குக் கொஞ்சம் குளுமை வேண்டும், அது எங்களிடம் இல்லை. பேச்சு என்பது மூச்சு, மூச்சு சுவரில் படும், பட்டது ஒட்டும், சூடு ஏறினால் கழலும், இதில் என்ன அதிசயம் என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டார்கள்.

முடித்த கையோடு அதற்கான பழக்கவழக்கங்களையும் ஊர் ஏற்படுத்திக்கொண்டது. முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்கு யாராவது வந்து, "சுவர் கேட்க வந்திருக்கோம்" என்று வாசலில் நின்றால், இப்போது குடியிருப்பவர்கள் ஒரு பாயை விரித்து, இஞ்சி தட்டிப்போட்ட மோர் ஒரு செம்பு வைத்துவிட்டு, தாங்கள் வெளியேறி வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். அடுத்தவர் சுவரை நின்று கேட்பது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதைவிடக் கேவலம் என்று ஆயிற்று. பெங்களூரிலிருந்தும் மெட்ராசிலிருந்தும் வேலையை விட்டு வந்தார்கள், பல்லில்லாதவர்கள் வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள், வந்து யாரோ ஒருவரின் சமையலறைச் சுவருக்கு முகம் காட்டி உட்கார்ந்து, தங்கள் அம்மா சின்ன வெங்காயம் வதக்கிய வாசனையையும், "எழுந்திருடா, மணி ஏழாச்சு" என்ற குரலையும் கேட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள்.

ஒரே ஒரு தடவைதான். கழன்றது கழன்றதுதான், சுவர் அதற்கப்புறம் வெறும் சுவர். அதனால் குவைத்திலிருக்கும் மகன் லீவு போட்டு வரும்வரை தாங்கட்டும் என்று, வெட்டிவேர்த் தட்டியை நனைத்துச் சுவருக்கு நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டுச் சூட்டைக் குறைத்தவர்கள் உண்டு. நாலு விரல் தள்ளித்தான். தண்ணீர் சுவரில் படக் கூடாது. இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பஞ்சாயத்துத் தலைவர். ஓட்டுக் கேட்கப் போன வீடுகளைப் பற்றித் தன் வீட்டில் உட்கார்ந்து அவர் சொன்னதெல்லாம் கூடத்துச் சுவரிலிருந்து தெருவுக்குக் கேட்கத் தொடங்கியதும், மனிதர் பம்ப்செட்டைப் போட்டுக் குழாயால் நாலு சுவரையும் அடித்தார். தண்ணீர் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொண்டது. வசவும் போயிற்று, அவருடைய செத்துப்போன தங்கை பாடிய கும்மிப் பாட்டும் போயிற்று. அன்று சாயங்காலம் அவர் பம்ப்செட் மேட்டில் உட்கார்ந்து அழுததை நானே பார்த்தேன்.

நான் யார் என்று சொல்லவில்லை. என் பெயர் துளசிங்கம். ஊருக்கு மேற்கே, பாறையடிவாரத்தில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் நான் மெக்கானிக். அங்கே நாங்கள் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சுண்டுவிரல் நகம் அளவு ஒரு நிக்கல் தகடு. அதை ஒரு எஃகுக் கலத்துக்குள் வைத்து மூடி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்புகளால் மாதக்கணக்கில் உறிஞ்சி எடுப்போம். தகடு துடைத்துவிட்டாற்போல் ஆனதும் ஒரு மூச்சுக்கும் குறைவாக ஏதாவது ஒரு வாயுவை உள்ளே விடுவோம். வாயுவின் மூலக்கூறுகள் தகட்டில் போய் ஒட்டும். அப்புறம் தகட்டை நிமிஷத்துக்கு ஒரு டிகிரி என்று மெல்லச் சூடேற்றி, எந்தச் சூட்டில் எது கழன்று வருகிறது என்று எழுதி வைப்போம். லேசாக ஒட்டியது முதலில் வரும், இறுக ஒட்டியது கடைசியில் வரும். வருஷம் பூராவும் இதே வேலை. "எப்பய்யா முடியும்?" என்று என் மாமனார் கேட்பார். முடிகிற வேலையா இது?

அந்தக் கூடத்தை நடத்தியவர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி. டாக்டர் ஞானசிகாமணி சார், டாக்டர் கிருபாவதி மேடம். சார் நல்ல வழுக்கை. வெயிலில் நின்றால் தலை மின்னும். மேடம் சின்ன உருவம், பெரிய கோபம். கலம் ஒரு அறையில், கணக்குப் போடும் மேசை பக்கத்து அறையில், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். தினம் மாலை ஆறு மணிக்கு சார் கலத்தின் முன் நின்று அழுத்தத்தைச் சத்தமாகப் படித்துப் பதிவேட்டில் எழுதி, 'எடுத்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். மறுநாள் காலை மேடம் பார்த்து 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் போடுவார். இரண்டு கையெழுத்தும் இல்லாத எண், எண்ணே இல்லை. பதினெட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

கூடத்துக்கு மூன்று சட்டம் உண்டு. கலத்தின் உட்புறத்தை வெறுங்கையால் தொடாதே. ஒரு விரல் ரேகையிலிருக்கும் எண்ணெய் போதும், மாதக்கணக்கான உழைப்பைக் குடிக்க. சூடேற்றும்போது அவசரப்படாதே, அவசரப்பட்டால் எல்லாம் ஒன்றாக வந்து குழம்பும். மூன்றாவது, சூடான இடத்திலிருந்து கிளம்பியது பக்கத்தில் எது ரொம்பக் குளிர்ந்திருக்கிறதோ அதில் போய் உட்காரும். இது போகச் சின்னப் பழக்கம் ஒன்று: கலத்துக்கு வெப்பநாடா சுற்றி அலுமினியத் தாளால் பொட்டலம் கட்டிச் சூடேற்றுவதை நாங்கள் வேகவைப்பது என்போம், நாடா புகையும், ஆகவே வேகவைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட வேண்டும்.

முதல் சட்டத்தை மீறியவன் நான். முந்திய வருஷம் ஆனி மாதம், தகட்டைச் சூடேற்றும் இழையை மாற்றக் கலத்தைத் திறந்தபோது என் கையுறை கிழிந்தது; கழற்றி அடுத்ததை எடுப்பதற்குள் தகட்டின் தாங்கி நழுவியது, நான் வெறுங்கையால் பிடித்துவிட்டேன். பிடித்திருக்காவிட்டால் தகடே போயிருக்கும், அது உண்மை. ஆனால் பிடித்ததை யாரிடமும் சொல்லாமல் மூடினேன், அதுவும் உண்மை. அப்போது நான் தற்காலிகம். நிரந்தர உத்தரவு மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஆறு வாரம் பம்பு ஓடியும் அழுத்தம், வேலை தொடங்கத் தேவையான 'பத்தின் மைனஸ் பத்து'க்கு இறங்கவில்லை. மேடம் எல்லோரையும் நிற்கவைத்து, "யார் தொட்டது?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் கலத்து அறையில் அந்த ஒற்றைச் செங்கல் சுவரில் சாய்ந்து நின்று சாரிடம் அழுதேன்.

"சார், நான்தான் சார் தொட்டுட்டேன். வேல போயிடும் சார்."

"அழுதா ரேகை அழிஞ்சுடுமா? விடு. இப்போதைக்கு நான்னு சொல்லிக்கறேன். உன் ஆர்டர் கைக்கு வந்ததும் நீயே போய் அவங்ககிட்ட சொல்லிடணும். சொல்லுவியா?"

"சொல்றேன் சார்."

சார் சொன்ன மாதிரியே சொன்னார். மேடம் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவர் வீம்புக்கு இவர் வீம்பு குறைந்ததில்லை. ஏழு மாதம் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அந்தப் பதிவேடு ஒன்றுதான். 'அழுத்தம் ஆறு, பத்தின் மைனஸ் ஒன்பது. கேஸ் சிலிண்டர் சொல்லியாகிவிட்டது' என்று அவர் எழுதுவார், 'சரி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வருகிறார்' என்று எழுதிவிட்டு இவர் கையெழுத்துப் போடுவார். கேஸ் சிலிண்டர் ஆராய்ச்சிக்கா சமையலுக்கா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் சிரித்தோம். நான் மட்டும் சிரித்த கையோடு எழுந்து பம்புக்கு எண்ணெய் பார்க்கப் போய்விடுவேன்.

கார்த்திகையில் என் உத்தரவு வந்தது. நாளை சொல்கிறேன் என்று நினைத்தேன். மார்கழி போயிற்று, தை போயிற்று. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு சார் வழக்கம்போல் அழுத்தம் எடுத்தார். வியாழக்கிழமை காலை காட்பாடி போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை வரியில் 'எடுத்தவர்' கட்டம் நிறைந்திருந்தது. 'சரிபார்த்தவர்' கட்டம் வெறுமையாகவே இருந்தது. புதன்கிழமை மேடம் தலைவலி என்று வரவில்லை, அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

மேடமும் ஆராய்ச்சி மாணவி ஷம்ஷாதும் கோடை முழுக்கக் குடை பிடித்து ஊரைச் சுற்றினார்கள். எந்தச் சுவர், எத்தனை டிகிரி, எப்போது சொன்ன சொல், எவ்வளவு உரக்கச் சொன்னது என்று குறித்துக்கொண்டார்கள். வரைபடம் அழகாக வந்தது. உரக்கச் சொன்னது சுவரில் மோதித் திரும்பிவிடுகிறது, மிச்சம்தான் லேசாக ஒட்டுகிறது. மெல்லச் சொன்னது திரும்பிப் போக வலுவில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் ஏலமும் சண்டையும் நாற்பதிலேயே வந்துவிட்டன, நாற்பத்துநாலிலும் ரகசியங்கள் வரவில்லை. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மேடம் விடவில்லை.

கத்திரி முடிய இரண்டு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"துளசிங்கம், அந்தச் செவ்வாக்கிழம நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் சுவர்கிட்ட வந்து நின்னு என்னமோ சொன்னாரு. ரொம்ப மெதுவா. எனக்கு முணுமுணுன்னுதான் கேட்டுது. 'என்னங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. படிக்கிற மாதிரி பேப்பரத் திருப்பிட்டு இருந்தேன்."

மேசையிலிருந்த கணக்குத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நூத்தஞ்சு டிகிரி வேணும். வெயில் குடுக்காது. மலைப்பக்கம் மேகம் கட்டுது, மழை விழுந்தா ஈரம் ஏறிடும், அப்புறம் ஒண்ணுமில்ல. சுவர வேகவைக்கணும்."

அதே சுவர். அதே பக்கம். நான் சாய்ந்து அழுத இடத்துக்கும் சார் நின்ற இடத்துக்கும் ஒரு முழ தூரம்கூட இருக்காது. நான் அழுததும் மெதுவாகத்தான். "சரி மேடம்" என்றேன்.

மறுநாள் காலையிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வெப்பநாடா போதவில்லை என்றதும் இஸ்திரி போடும் கன்னியப்பன் மூன்று பெட்டிகளைக் கரியோடு தூக்கிக்கொண்டு வந்தான், அது வேண்டாம் என்று ஷம்ஷாத் பக்குவமாகத் திருப்பி அனுப்பினாள். பிரியாணிக்கடைக்காரர் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாள் இரண்டு சுருள் கொடுத்தார். வெள்ளரிக்காரி ஒரு கூடை பிஞ்சை வாசலில் வைத்துவிட்டு, "இன்னாம்மா, ஊட்டுக்காரர் கொரலா? நல்லா கேக்கட்டும்மா" என்று மேடத்தின் கையைப் பிடித்துச் சொன்னாள். பத்தடி நீளச் சுவர் நாடா சுற்றி, தாள் போர்த்தி, கல்யாணவீட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம்போல் தயாரானதும், ஊர் வழக்கப்படி எல்லோரும் வெளியேறி அசோக மரங்களின் நிழலில் முதுகைக் காட்டி நின்றார்கள். ஷம்ஷாதும் போய்விட்டாள். மின்சாரத்தைக் கூட்டும் குமிழைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும் என்பதால் நான் மட்டும் உள்ளே இருந்தேன். மேடம் சுவருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்தார்.

நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. வெயிலே படாத உள்சுவர் அது; நாற்பதில் பம்பு பழுது பார்க்கிறபோது நாங்கள் போட்ட கூச்சல் வந்தது. அறுபத்தெட்டில் ஷம்ஷாதின் சிரிப்பு. எழுபத்தைந்தில், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இளம் மேடம், "இந்த போல்ட்டு எத்தனாம் நம்பருங்க?" என்று கேட்க, சார், "எத்தனாவது தடவை கேக்குற, கிருபா?" என்று சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்போடு அந்தக் காலத்து வார்னிஷ் வாசனையும், சார் குடிக்கும் சுக்குக் காப்பியின் வாசனையும் வந்தன. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எண்பதிலிருந்து தொண்ணூறு வரை எண்கள். தினம் ஆறு மணிக்கு சார் படித்த எண்கள், ஏழு மாதத்து எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒருநாள்கூட விடாமல். பக்கத்து அறைக்கு மட்டும் கேட்கட்டும் என்று குரலைத் தணித்துப் படித்த எண்கள் அவை. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் பதிலுக்குக் காத்திருக்கிற அளவு இடைவெளி இருந்தது. அதைக் கேட்டபோது, ஐயோ, இத்தனையும் என்னால் என்று நினைத்துக்கொண்டே குமிழைத் திருப்பினேன்.

தொண்ணூற்றாறில் ஒரு விசும்பல் கேட்டது. என் விசும்பல்.

"சார்..." என்றது சுவர், என் குரலில்.

மேடம் கண்ணைத் திறந்தார். என் கை போய் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டியது.

பழக்கதோஷம் என்று அன்றைக்குச் சொன்னேன். பதினோரு வருஷமாக வேகவைக்கும்போதெல்லாம் அந்த சுவிட்சைத் தட்டிய கை, நாடா வேறு புகைந்துகொண்டிருந்தது, எனவே தட்டியிருக்கலாம். பயந்து தட்டியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, தெரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்வதையும் நான் முழுசாக நம்புவதில்லை. ஃபேன் பெரிய ஃபேன். அது இரைந்த இரைச்சலில் அடுத்து வந்தது எதுவும் கேட்கவில்லை. நான் பதறி அணைப்பதற்குள் விசை சிக்கிக்கொண்டது; அதோடு மல்லுக்கட்டியதில் குமிழைக் குறைக்கத் தோன்றவில்லை; அணைந்தபோது சுவர் நூற்றுப்பத்தைத் தாண்டியிருந்தது. இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. சுவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"யாரு ஃபேன் போட்டது?" என்றார் மேடம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பழக்கம், மேடம்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தாள் சுற்றிய சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே முதல் இடி உருண்டது.

கருகிய நாடாவை வெளியே போடும் சாக்கில் நான் பின்பக்க வராந்தாவுக்கு ஓடினேன். ஃபேனின் வாய் திறக்கிற இடம் அது. அங்கேதான் திரவ நைட்ரஜன் கேனை வைத்திருந்தோம். காலையில்தான் வேலூரிலிருந்து நிரப்பி வந்திருந்தது. ஊரெல்லாம் தகிக்கிற நாளில், சுற்று வட்டாரம் நாற்பது மைலில் அதைவிடக் குளிர்ந்த பொருள் கிடையாது. கேனின் கழுத்தில் எப்போதும் மெல்லிசாகப் படிகிற பனி, அன்றைக்கு ஒரு சாண் தடிமனுக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது, கிட்டே போனால் சுக்குக் காப்பி வாசனை வந்தது.

மூன்றாவது சட்டம். சூட்டிலிருந்து கிளம்பியது குளிரில் போய் உட்காரும்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். மழை வரப்போகிறது, சாரல் வராந்தாவில் அடிக்கும், பனி கரைந்து சாக்கடைக்குப் போகும், என் குரலும் போகும், யாருக்கும் தெரியாது. தாங்கியைப் பிடித்த அன்றும் இப்படித்தான் சும்மா இருந்தேன், கார்த்திகையிலும் சும்மா இருந்தேன். சும்மா இருந்து சும்மா இருந்துதான் ஒரு மனிதரைப் பதில் கேட்காமலே பஸ் ஏற்றி அனுப்பினேன். முதல் துளி வராந்தாவின் விளிம்பில் விழுந்து சுருக்கென்று ஆவியானது.

"மேடம்!" என்று கத்தினேன். "மேடம், இங்க வாங்க! கேன்ல கீது மேடம், எல்லாம் கேன்ல கீது!"

அவர் வந்தார். பனியைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார், அவருக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. கையை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன்.

"தொடறதுக்கு முன்ன நான் ஒண்ணு சொல்லணும். அந்த ரேகை என்னுது, மேடம். சார் தொடல. எனக்காகத் தான்னு சொன்னாரு. ஆர்டர் வந்ததும் சொல்லச் சொன்னாரு, நான் சொல்லல. ஃபேனும் அதுக்குத்தான் போட்டேன்னு நெனைக்கிறேன்."

மேடம் நீட்டிய கையை மடக்கவில்லை.

"தெரியும், துளசிங்கம்."

"மேடம்?"

"கலத்துல என்ன இருக்குன்னு கருவி எழுதிக் காட்டாதா? முதல் வாரமே காட்டிடுச்சு. தேங்காயெண்ணெய். இந்தக் கூடத்துல தலைக்கு அவ்வளவு எண்ணெய் வெக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான். அவருக்கு வெக்கறதுக்கு முடி ஏது?" என்றவருக்குச் சிரிப்பு வரப்பார்த்து வராமல் போயிற்று. "உங்க ஆர்டருக்கு எழுதினதே நான்தான். ரேகைக்கா நான் கோவிச்சேன்? அவர் எங்கிட்ட வந்து பொய் சொன்னாரு. அவர் வாயால நிஜத்தச் சொல்லட்டும்னு இருந்தேன். உங்களுக்குக் குடுத்த வாக்குன்னு அவர் சொல்லாம இருந்தாரு. நீங்களும் சொல்லல. மூணு பேரும் வாய மூடிகிட்டு நல்லா வேலை பாத்தோம்."

நான் விலகினேன். மேடம் உள்ளங்கையைப் பனியின் மேல் வைத்தார்.

கடைசியில் வந்து படிந்தது மேலே இருக்கும், அதுதான் முதலில் கரையும். அவர் விரல்களுக்கிடையிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது, கூடவே சார் பேசினார், பக்கத்தில் நின்று பேசுவதுபோல, ரொம்ப மெதுவாக.

"கிருபா, வந்துடுச்சு. மைனஸ் பத்து வந்துடுச்சு. எழுந்து வா. வந்து பாரு."

அவ்வளவுதான். மேடம் உடனே கையை எடுத்துவிட்டார். கீழே இன்னும் முக்கால் சாண் பனி இருந்தது.

"மீதி உங்களுது," என்று சொல்லிவிட்டு, ஊர் வழக்கப்படி, அடுத்தவர் குரலைக் கேட்காமல் உள்ளே போய்விட்டார். நான் அதைத் தொடவில்லை. மழை பிடித்துக்கொண்டது, கொட்டு கொட்டென்று கொட்டியது. மரத்தடியிலிருந்தவர்கள் ஓ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், ஊரின் எல்லாச் சுவர்களும் நனைந்தன, அதற்கப்புறம் எந்தக் கோடையிலும் எந்தச் சுவரும் பேசவில்லை. பனி வெறும் தண்ணீராகி என் காலடியில் ஓடியது.

நான் உள்ளே போனபோது மேடம் கலத்தின் முன் நின்றிருந்தார். மாசி மாதத்திலிருந்து பம்பு நிற்காமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முள்ளைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி, "வந்துட்டேங்க. பாத்துட்டேன். மைனஸ் பத்துதான்" என்று, சத்தமாகவுமில்லை மெதுவாகவுமில்லை, சமையலறையிலிருந்து பதில் சொல்வதுபோல் சொன்னார்.

அப்புறம் பதிவேட்டை எடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். வெறும் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தேதி எழுத வேண்டும். பார்த்த அன்றைய தேதியைத்தான் எழுத வேண்டும், ஒருநாள் முன்பின் போட்டதற்காக ஷம்ஷாதை அழவைத்தவர் அவர். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பொய்க்காகப் புருஷனோடு ஏழு மாதம் பேசாமல் இருந்த அந்த அம்மாள், அப்புறம் குனிந்து, மாசி மாதத்துத் தேதியைப் போட்டு, மாலை ஆறு பத்து என்று நேரமும் எழுதினார்.

மை காய்கிறவரை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன்.